கோடைக்கு முன் ஓர் ஊர்த் திட்டம்: மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் சேர்த்து வகுக்கும் முறை

உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதலாக ஓர் ஆண்டு முழுவதும் பதிவானது 2024இல்தான் முதல்முறை. அந்த ஆண்டு கத்திரி வெயில் தொடங்கும் முன்பே, ஏப்ரல் இறுதியில், ஊட்டியில்கூட 29 டிகிரி பதிவானது. அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கவும் வழி செய்தது. நிவாரணம் தேவைதான். ஆனால் அந்த இறப்பே நேராமல் தடுக்கும் ஏற்பாடு ஊருக்குள் இருந்தாக வேண்டும். ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடி அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெயிலில், வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அதன் பிறகு 2013இல் அந்த நகரம் வகுத்த வெப்பச் செயல்திட்டமே தெற்காசியாவில் முதலாவது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைத் தயார்நிலை, நலிந்தோரைத் தேடிச் சென்று பார்ப்பது என்ற அதன் அடிப்படைகளை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நகரங்களுக்கான இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மனிதரை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. ஒரு கிராமத்துக்கு அது போதாது. கொசுப் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சுகள் வளரும் குட்டையும், இலுப்பைப் பூவுக்கு வரும் பழவௌவாலும், இரவில் காற்றைக் குளிரவைக்கும் தோப்பும் போய்விட்டால் அந்த ஊரில் நோய் கூடும். மனிதரைக் காப்பதாகச் சொல்லி மற்ற உயிர்களைக் கெடுக்கும் வேலைகளும் நம் பக்கமே திரும்பி வருகின்றன. எனவே இரண்டுக்கும் ஒரே திட்டம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

ஜனவரி 26 கிராம சபையில் திட்டத்தை முன்வைத்துத் தீர்மானமாக எழுத வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் அதில் எவ்வளவு நிறைவேறியது என்று சரிபார்க்க வேண்டும். மே 1 கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டால் பாதிக் கோடை போய்விடும். மே 4 முதல் 28 வரையான அக்னி நட்சத்திரத்தைத்தான் ஆபத்தான காலமாக நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் உடல் வெயிலுக்குப் பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும் என்பதால், பழக்கமில்லாத உடலின் மீது மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ திடீரென்று அடிக்கும் முதல் கடும் வெயில், மே மாதத்தில் அதே அளவில் அடிக்கும் வெயிலைவிடக் கூடுதலாகப் பாதிக்கும்.

வெயிலை அளப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் எட்டி, அதோடு இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது. இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் கடலோர ஊர்கள் ஏமாந்துபோகும். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை காய்வதன் மூலம்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. 20 விழுக்காடு ஈரப்பதம் உள்ள 40 டிகிரி வெயிலில், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அதாவது ஈரக்குமிழ் வெப்பமானி, ஏறத்தாழ 23 டிகிரி காட்டும். 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள 34 டிகிரியில் அதுவே 30 டிகிரி காட்டும். எண்ணிக்கையில் குறைந்த இந்த 34 டிகிரிதான் உடலுக்கு மிகவும் கொடியது. ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது கோட்பாட்டுக் கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனைகளில், ஈரக் காற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 31 டிகிரியிலேயே வந்துவிட்டது.

இதை அளக்கும் கருவியைப் பள்ளியிலேயே செய்துவிடலாம். சாதாரண வெப்பமானிகள் இரண்டை அருகருகே, சுவரில் ஒட்டாமல், காற்றோட்டமுள்ள நிழலில், தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகச் சுற்றி, திரியின் மறுமுனையைக் காய்ச்சி ஆறிய தண்ணீர் உள்ள சிறிய புட்டியில் விட வேண்டும். அளவு பார்க்கும் முன் சில நிமிடங்கள் விசிறியால் நன்றாக வீச வேண்டும். வீசாமல் பார்த்தால் அளவு கூடுதலாகவே காட்டும். உப்புப் படிந்து திரி விறைத்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் மாணவர்கள் அளந்து கரும்பலகையில் எழுதட்டும். நிழலில் ஈரக்குமிழ் 25ஐத் தாண்டினால் வெளி வேலையில் அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு, 28ஐத் தாண்டினால் வெயிலில் கடின வேலை நிறுத்தம், 30ஐத் தாண்டினால் முதியோர் வீடுகளுக்கு ஆள் அனுப்புவது என்று வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். இது சற்றுக் கண்டிப்பான அளவுதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன்.

யாரைத் தேடிப் போக வேண்டும்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் பெண் தன்னார்வலருக்கு, ஊரில் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் யார் யார் என்பது தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தெரியும். இந்த இருவரோடும் உட்கார்ந்து, தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியாக இருக்கும் முதியோர், படுக்கையில் இருப்போர், மனநோய்க்கு மாத்திரை எடுப்போர், குடிப்பழக்கம் உள்ளோர், தகரக் கூரையின் கீழ் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஆகியோரையும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடும் வெயில் நாளில் இரண்டு வேளை நேரில் போய்ப் பார்க்கும் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள்.

சிறுநீர் போகத் தரும் மாத்திரைகளும், மனநோய்க்கான சில மாத்திரைகளும் உடல் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். தானாக நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை, மணல் பரப்பி நீர் தெளித்த மண்பானைக்குள், நனையாதபடி மூடிய டப்பாவில் வைக்கலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது தெரியவந்தது. களை எடுப்பிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நிற்கும் கர்ப்பிணிக்கு நிழலில் செய்யும் வேலையை மாற்றித் தருவது சலுகை ஆகாது. அது அவருடைய உரிமை என்றே தீர்மானத்தில் எழுதுங்கள்.

வேலைத் தளத்தில்

கூலி நாளைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுவதே முதல் வேலை. காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு ஏறிவிட வேண்டும். மீதி இருந்தால் மாலை 4 மணிக்கு மேல். புதிதாக வருபவருக்கும், ஓரிரு வாரம் வராமல் இருந்து திரும்புபவருக்கும் முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும். மேஸ்திரிகள் இதற்கு எளிதில் ஒப்ப மாட்டார்கள். ஆனால் வெயிலில் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரையே குடத்துக் கணக்கில் குடித்தாலும் உடலில் உப்புக் குறைந்துபோகும். உப்பிட்ட நீர்மோரும், காலையில் வெங்காயத்தோடு குடிக்கும் நீராகாரமும் நம் முன்னோர் இதற்காகவே வைத்திருந்தவை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு கண்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலைத் தளத்தில் கழிப்பிடம் இல்லாத காரணத்தால், பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். உப்பளங்களிலும் வயல்களிலும் நாள்தோறும் நடப்பது இதுதான். சிறுநீர்த் தொற்றும், சிறுநீரகக் கல்லும், காலப்போக்கில் சிறுநீரகப் பாதிப்பும் இதிலிருந்து வளர்கின்றன. தண்ணீர்ப் பந்தலுக்குச் செலவிடும் ஊர், நாலு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டிய தற்காலிகக் கழிப்பிடத்துக்கும் செலவிட வேண்டும். அது இல்லாமல் வைக்கும் தண்ணீர்க் குடம் ஆண்களுக்கு மட்டுமே பயன்படும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, தள்ளாட்டம் ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். நிழல், ஓய்வு, உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். பேச்சுக் குளறுவது, ஆள் தெரியாமல் போவது, வலிப்பு, மயக்கம் ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். அந்த நிலையில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். மூளையும் சிறுநீரகமும் நிமிடக் கணக்கில் கெடும். வியர்க்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. வேலை செய்யும்போது வெப்பத்தாக்கு கண்டவருக்கு வியர்வை வரவும் செய்யும். ஒருவர் 108க்கு அழைக்கும்போதே மற்றவர்கள் ஆடையைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். பம்புசெட்டுத் தொட்டி பக்கத்தில் இருந்தால், தலையை மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு உடலை அதில் அமிழ்த்துவது எல்லாவற்றிலும் வேகமாகக் குளிர்விக்கும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

வீடும் இரவும்

பகலில் வாடிய உடல் இரவில்தான் தேற வேண்டும். தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே அது முடிவதில்லை. கூரையின் மேற்புறத்தில் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த வழி. மழை கரைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் மார்ச்சில் மீண்டும் அடிக்க வேண்டும். கூரைக்குக் கீழே மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டலாம். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய பிறகு மின்விசிறி வெறும் அனல் காற்றையே உடல்மேல் வீசும். தோளையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன் கீழ் உட்கார்ந்தால்தான் பயன் உண்டு. சமுதாயக் கூடத்தையோ பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தையோ, பகல் 11 முதல் 4 மணிவரை எல்லாத் தெருவினரும் தடையின்றி வந்து உட்காரும் குளிர்ந்த இடமாகத் திறந்து வைக்க வேண்டும். எல்லாத் தெருவினரும் என்பதைத் தீர்மானத்தில் எழுதியே வையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் கொசுவும்

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததும் வீட்டுக்கு வீடு டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அந்த நல்ல தண்ணீர்தான். சூடு கூடக்கூட அதன் வளர்ச்சியும் கொசுவின் உடலுக்குள் வைரஸ் பெருகும் வேகமும் கூடுகின்றன; 29 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் டெங்கு மிக வேகமாகப் பரவுகிறது.

பறவைகளுக்கு மொட்டைமாடியில் தண்ணீர் வைப்பதும் இங்கேதான் கவனிக்கப்பட வேண்டும். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் கரிய புள்ளிகளாக ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். எனவே தட்டோ டிரம்மோ, வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உட்சுவரைச் சுற்றி அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பறவைத் தட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இல்லாத மண்தட்டாக இருக்கட்டும். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். நாள்தோறும் தண்ணீர் மாற்றினால் பறவைகளுக்குள் நோய் பரவுவதும் குறையும்.

கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கம்பூசியா மீனைக் குளத்தில் விடும் பழக்கத்தை உங்கள் ஊரில் நிறுத்துங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் நாட்டு மீன் குஞ்சுகளையும் சேர்த்தே தின்னும். நம் வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டித் திரியும், தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் சிறு மீன் கொசுப் புழுவை நன்றாகவே தின்னும். தொட்டிகளில் விட அதைப் பிடித்து வளர்த்தால் போதும்.

கண்மாயில் ஒரு மடு

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். கழிவுநீர் கலந்து பாசி படர்ந்த குளத்தில், அந்த மிச்சத்தையும் இரவு முழுவதும் பாசியே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் நீரின் மேல் வாயைத் திறந்து திறந்து மூடினால், இன்னும் சில நாளில் குளம் முழுவதும் மீன் செத்து மிதக்கும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு. உடனே கழிவுநீர் வரும் வழியை அடைத்து, கிடைத்தால் புதுத் தண்ணீர் விட வேண்டும். செத்த மீனை விற்கவோ உண்ணவோ விடக் கூடாது.

தூர் வாரும்போது கண்மாயைத் தட்டையான தொட்டியாக வெட்டிவிடாமல், ஓரிடத்தில் ஆழமான மடு ஒன்றை விட்டு, கோடையில் அதிலிருந்து யாரும் இறைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு செய்யுங்கள். மீனும் ஆமையும் தவளையும் அடுத்த மழைவரை உயிர் வாழ்வது அங்கேதான். கரையில் ஒரு பக்கமாவது சரிவாக இருந்தால்தான் கால்நடையும் காட்டு விலங்கும் இறங்கிக் குடித்து ஏற முடியும். நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை வெட்ட வேண்டாம். நாரையும் கொக்கும் கூடு கட்டுவது அவற்றில்தான். சிவகங்கை மாவட்டத்துக் கொல்லுக்குடிப்பட்டி மக்கள் அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயத்தின் பறவைகளுக்காகப் பட்டாசையே விட்டுக்கொடுத்திருக்கும்போது, சில மரங்களை விட்டுவைப்பது நமக்குப் பெரிதல்ல.

மரமும் வௌவாலும்

விரைவில் வளரும் என்பதற்காக ஒரே வகை மரத்தைச் சாலை நெடுக நடாதீர்கள். வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், இலுப்பை, மருதம், ஆல், அரசு என்று கலந்து நட்டால் நிழல் ஒருபுறமும், ஆண்டு முழுவதும் ஏதாவது பூவும் பழமும் மறுபுறமும் கிடைக்கும். பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை, சுடுகாட்டுப் பாதை என்று மனிதர் வெயிலில் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே முதலில் நடுங்கள். ஐப்பசி மழையில் நட்டால் அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

42 டிகிரியைத் தாண்டும் வெயில் பழவௌவால்களைக் கூட்டமாகக் கொல்லும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2014 ஜனவரியில் ஒரே நாளில் 45,000க்கும் மேற்பட்டவை இறந்தன. உங்கள் ஊர் ஆலமரத்தில் வௌவால்கள் சிறகால் விசிறிக்கொண்டு, கிளையை விட்டு அடிமரத்துப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால், அவை வெப்பத்தால் தவிக்கின்றன என்று பொருள். மரத்தடியில் கூட்டம் கூடாமல், சத்தம் எழுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; பயந்து பகலில் பறந்தால் இன்னும் பல சாகும். கீழே விழுந்ததை வெறுங்கையால் தொடக் கூடாது. வௌவால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் குழந்தைகளையும் நாய்களையும் விலக்கி வையுங்கள்.

கடலோர ஊர்களுக்கு

பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. முட்டைக்குழி 30 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளாகவே பொரிக்கும்; இன்னும் கூடினால் முட்டையே கெடும். வனத்துறையின் அனுமதியோடு நடக்கும் பொரிப்பகங்களில் பிப்ரவரி இறுதிக்குப் பிறகு வைக்கும் முட்டைகளுக்கு மேல் நிழல்வலை கட்டுவதும், குழியருகே வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் பயன் தரும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடலின் சூடு கூடிப் பவளப்பாறைகள் வெளுத்தன. கடலின் சூட்டைத் தணிக்க எந்த ஊராலும் ஆகாது; நிலக்கரியையும் எண்ணெயையும் உலகம் எரிப்பதைக் குறைத்தால்தான் முடியும். சாக்கடையையும் நெகிழிக் கழிவையும் கடலில் விடாமல் இருந்தால், வெளுத்த பாறை மீண்டு வரும் வாய்ப்பு கூடும். அந்த அளவு ஊரின் கையில் இருக்கிறது.

பதிவேடு

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிர்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அது அலமாரியில் உறங்குகிறது. அதை எடுத்து, கோடைக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குங்கள். பள்ளியில் அளந்த வெப்பநிலை, வெயிலால் மயங்கியவர்கள் எத்தனை பேர், எந்த வேலையில், எந்த நேரத்தில், காய்ச்சல் கண்ட தெரு, வேம்பும் மாவும் பூத்த தேதி, மீன் செத்த நாள், வௌவால் விழுந்த நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதுங்கள். இறந்தவர், நோயுற்றவர் பெயரை எழுத வேண்டாம். வயதும் வேலையும் போதும். நவம்பர் 1 கிராம சபையில் இந்தப் பக்கங்களை வாசித்து, எந்தத் தெருவில் அதிகம் பேர் மயங்கினார்களோ அந்தத் தெருவுக்கே அடுத்த மழையின் மரக்கன்றுகளையும், எந்த வேலைத் தளத்தில் அதிகம் பேர் விழுந்தார்களோ அங்கேயே முதல் நிழற்பந்தலையும் ஒதுக்கித் தீர்மானம் எழுதுங்கள்.